ஐந்து டப்பா மிச்சம்

மாடிப்படிக்கு அடியில்
நிமிர்ந்தால் தலை இடிக்கும் இடத்தில்
ஐந்து டப்பாக்கள்.
ஒவ்வொன்றிலும் ஒரு மடக்கு ஆயில்.
கொட்ட மனசு வராது,
அடுத்த சர்வீசுக்கும் போதாது.

கார் கேட்பது ஐந்து டபிள்யூ முப்பது.
நிகிலாவின் ஸ்கூட்டர் பத்து முப்பது.
ஏற்காட்டுக் கடைகளுக்கு மளிகை ஏற்றி
காப்பி மூட்டையோடு இறங்கும் குட்டி யானைக்குப்
பதினைந்து நாற்பது.
வீட்டுக்காரரின் பழைய பைக்குக்கு இருபது நாற்பது.
கொழுந்தனாரின் புல்லட்டுக்குப் பதினைந்து ஐம்பது,
அதுவும் ஐந்து ரோட்டில் அந்த ஒரே கடையில்.

டபிள்யூ என்றால் விண்டராம், குளிர்காலம்.
கண்ணங்குறிச்சியில் குளிர்காலம் என்பது
மார்கழியில் நான்கு நாள், ஒரு மஃப்ளர்.
ஆனால் மலை பக்கத்திலேயே இருக்கிறது.
விடிகாலை ஏரிக்கரையில் விறைத்துக் கிளம்பும் வண்டி
மத்தியானம் லீ பஜாரில்
தார் உருகும் வெயிலில் வரிசையில் நிற்கும்.
ஒரே நாளில் இரண்டு ஊர்,
ஒரே எண்ணெய்.

ஞாயிற்றுக்கிழமை
கிழித்த காலண்டரின் முதுகில் கட்டம் போட்டேன்.
குளிரில் எவ்வளவு ஓடும்,
சூட்டில் எவ்வளவு நிற்கும்,
லிட்டருக்கு என்ன விலை.
காருக்கு வாரண்டி முடிந்துவிட்டது, கேட்க ஆளில்லை.
ஸ்கூட்டர் கொஞ்சம் பெட்ரோல் கூடக் குடிக்கும், குடிக்கட்டும்.
பதினைந்து நாற்பது.
எவருக்கும் பிடித்ததில்லை,
எவருக்கும் ஆகாததும் இல்லை.
நான் எம்.ஏ. பொருளாதாரம்.
வருசத்துக்கு ஆயிரத்து நூறு மிச்சம் என்று
அடியில் இரண்டு கோடு இழுத்தேன்.

இன்னொரு கணக்கும் இருந்தது, எழுதவில்லை.
தை மாதத்திலிருந்து இந்த வீட்டில் இரண்டு அடுப்பு.
இரண்டு கேஸ் புத்தகம், இரண்டு பால் கார்டு.
ஷெட் மட்டும்தான் ஒன்று.

இருபது லிட்டர் பக்கெட்
ஆட்டோவிலிருந்து இறங்கியபோது
கொழுந்தனார் ஒரு நிமிசம் பார்த்தார்.
“ஊத்துங்க அண்ணி” என்றார்.
மூன்று மாதத்தில் என்னிடம் சொன்ன
முதல் வார்த்தை.
ஊற்றினேன்.

அடுத்த வாரம் பதினான்காவது கொண்டை ஊசி வளைவில்
எஞ்சின் கத்துகிறது, புல்லட் ஏறவில்லை.
கியரை எப்படி மாற்றினாலும் கத்தல்தான்.
போன் வந்தது நிகிலாவுக்கு,
அவள் கொடுத்தது அப்பாவிடம்.
அவர் சட்டையை மாட்டிக்கொண்டே
குட்டி யானையை எடுத்தார்.

பின்னால் புல்லட்டைத் தூக்கிக் கயிறு போட
இரண்டு பேர் வேண்டும்.
அந்தக் கேபினில் தோள் இடிக்காமல்
இரண்டு பேர் உட்கார முடியாது.
பதினான்கு வளைவு இறங்கி வந்தார்கள்.
என்ன பேசினார்கள் தெரியாது.
இறங்கும்போது ஒரே பொட்டலத்தில்
வறுத்த கடலை தின்றுகொண்டிருந்தார்கள்.

அடிவாரத்து சவரிமுத்து பக்கெட்டைத் திருப்பிப் பார்த்தார்.
“காருக்கெல்லாம் கிளட்ச் தனி ரூம்ல இருக்குதுங்க.
புல்லட்டுக்கு இதே எண்ணெயிலதான் கெடக்குது.
வழுக்கறதுக்குன்னே பண்ணுன எண்ணெய ஊத்துனா
பிளேட்டு எதப் புடிச்சு நிக்கும்?
டப்பாவுல எம்.ஏ.ன்னு போட்டிருக்கணும், பாக்கலீங்களா?”

பார்க்கவில்லை.
எம்.ஏ. என்றால் இன்னொன்று என்றுதான்
இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

இப்போது இரண்டு எண்ணெய்.
பக்கெட்டில் மார்க்கரால் ‘கார், லோடு, ஸ்கூட்டர்’.
சின்ன டின்னில் ‘பைக், புல்லட்’.
ஆயிரத்து நூறு நானூறானது.
அடுப்பு இன்னும் இரண்டுதான்.

அந்த ஐந்து டப்பா மிச்சத்தை
ஒரே கிண்ணத்தில் கவிழ்த்துக் கலக்கி
துருப்பிடித்த வாசல் கேட்டின்
கீல்களுக்கு விட்டேன்.
அங்கே எந்தக் கிரேடும் சண்டை போடவில்லை.

அன்றிலிருந்து கேட் கிறீச்சிடுவதில்லை.
ராத்திரி யார் வந்தார்கள், யார் இன்னும் வரவில்லை என்று
படுத்தபடி இனி எண்ண முடியாது.
எழுந்து போய்
ஷெட்டில் வண்டிகளைத் தொட்டுப் பார்க்கிறேன்,
எது சூடாக இருக்கிறது என்று.