பதிமூன்றாவது வரி

குளச்சல் கிளை, இரண்டாம் கவுண்டர்.
செலஸ்தீனாள் மீன்கூடையை வாசலில் இறக்கிவிட்டு
முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.
ஊதா நிற நூறு. வலப்பக்கம் இல்லை.
"ஆடு தின்னுபோட்டுது மோளே."

கட்டம் போட்ட கண்ணாடித் தாளை
நோட்டின் மேல் வைத்தேன்.
முழுசாக இருந்தால் தொண்ணூற்று நான்கு சதுர சென்டிமீட்டர்.
எழுபத்தைந்து மிஞ்சினால் நூறு கிடைக்கும்.
இவளுடையது எழுபத்தொன்று.

ஐம்பதுதான் வரும் என்றேன்.
"நாலு கட்டத்துக்கு அம்பது ரூவாயா?"
மீன் விற்கிறவளின் கணக்கு,
பிசகவே இல்லை.

திருப்பினேன்.
பதினைந்து மொழிகளும் ஆட்டின் வயிற்றில்.
ஏழாவது மலையாளம், பதிமூன்றாவது தமிழ்,
நடுவே ஐந்து வரி இருக்கும் நோட்டில்.
களியக்காவிளையில் அந்தத் தூரம்
ஒரு டீக்கடை பெஞ்சுக்குள் அடங்கிவிடும்.

முன்பக்கத்து வாக்குறுதியை ஆடு தொடவில்லை.
இந்தியில் ஒருமுறை, இங்கிலீஷில் ஒருமுறை
தருவேன், தருவேன்.
பன்னிரண்டு வருஷமாக எச்சில் தொட்டு எண்ணுகிறேன்,
அன்றுதான் உறைத்தது:
தமிழில் தொகை மட்டும்தான்.
தருவேன் என்று தமிழில் எவரும் சொல்லவில்லை.

பழைய சிவப்பு இருபதின் பின்னால்
தென்னையும் கடலும் இருக்குமே,
அது மண்டைக்காடு என்று நான் அடித்துச் சொல்வேன்,
முட்டம் என்று மல்லுக்கு நிற்பான் தெர்மியூஸ்.
அந்தமானாம்.
அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

அதற்கும் முன்னால் இங்கே சக்கரம் ஓடியது.
இருபத்தெட்டு வைத்தால் திருவிதாங்கூர் ரூபாய்,
இருபத்தெட்டரை வைத்தால் வெள்ளைக்காரன் ரூபாய்.
ஆரல்வாய்மொழி தாண்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும்
அந்த அரைச் சக்கரம்
யார் மடியில் விழுந்திருக்கும்?

ஐம்பதை நீட்டினேன். அவள் உடனே வாங்கவில்லை.
"இதில நம்ம எழுத்து எங்க?"
மேலிருந்து எண்ணி நகத்தால் தொட்டுக் காட்டினேன்.
கண்ணுக்கு அருகே பிடித்து
எழுத்துக் கூட்டினாள், ஐ... ம்... ப... து.
"செரி. அம்பதுன்னு போட்டுட்டு அம்பதுதான் தந்திருக்கு.
பாக்கிய நான் ஆட்டுகிட்ட பேசிக்கிடுதேன்."
கூடை தலைக்கு ஏறியது.

கிழிந்த நூறை உறையில் போடப் போனேன்.
பாதுகாப்பு நூலின் பக்கத்தில்
சாளைச் செதில் ஒன்று ஒட்டியிருந்தது.
கள்ளநோட்டுக்குச் சாய்ப்பதுபோல்
பழக்கத்தில் சாய்த்துப் பார்த்தேன்.

நூல், பச்சையிலிருந்து நீலமானது.
செதிலும்.