பற்று நோட்டு

கடைக்குப் பெயர் கிடையாது.
ரொட்டி, பீர், சோப்பு என்று
ஜன்னல் கண்ணாடியில் அம்மா பெயிண்டால் எழுதியதுதான் பலகை.
செஸ்தபோனியில் ரயில்வே கேட் தாண்டி
ஆலைப் புகைக்கும் ஆற்றுக்கும் நடுவில்
ஒன்பது மணிக்கு மேல் விளக்கெரிவது எங்களிடம்தான்.

ஆலையில் பத்தாம் தேதி சம்பளம்.
அதற்கு முந்தைய வாரம்
பாதி ஊர் எங்களுக்குக் கடன்.
எண்ணெய்க்கு எழுதிக்கொள்.
சர்க்கரைக்கு எழுதிக்கொள்.
சாவுக்குப் போகிறேன், நான்கு மெழுகுவர்த்தி, எழுதிக்கொள்.
ஆளுக்கு ஒரு பக்கம், தலைப்பில் அம்மா வைத்த பெயர்:
'பல் டாக்டரின் மச்சான்'
'சிவப்பு லாடா'
'மழையிலும் குடை பிடிக்காதவள்.'

அப்பா முர்மானுக்கு இல்லை என்று சொல்ல வராது.
அம்மா லமாராவுக்கு வரும்.
இல்லை என்று சொல்லிவிட்டு
ரொட்டியைத் தாளில் சுற்றி நீட்டுவாள்.

இரண்டு குளிர்காலத்துக்கு முன்பு மினிபஸ் ஏறினாள்.
சில எல்லைகள், ஒரு கப்பல், அப்புறம் இத்தாலி.
பாரி நகரத்தில், மூன்றாம் மாடியில்,
இடுப்புக்குக் கீழே அசையாத ஒரு நோட்டரியைத்
திருப்பிப் படுக்க வைக்கிறாள்,
இரவில் இரண்டு முறை, பகலில் எத்தனை என்று சொன்னதில்லை.

அதே மினிபஸ்ஸில் பார்சல் வரும்.
ஆலிவ் எண்ணெய், தம்பி ஜாபாவுக்கு சாக்லேட்,
எனக்கு ஒரு சைஸ் சிறிய ஷூ.
அவள் கிளம்பிய நாளோடு என் கால் நின்றுவிட்டது அங்கே.
சலவைத்தூளை அப்பா அலமாரியில் வைத்து விற்றுவிடுவார்.
எங்கள் தெருவில் எந்தக் கொடியைக் கடந்தாலும்
நான் பார்த்திராத ஒரு வீட்டின் வாசனை.

பிப்ரவரியில் நோட்டு தீர்ந்தது.
புதியதில் பாக்கிகளை ஏற்ற என்னை உட்கார்த்தினார்கள்.
கடைசி அட்டையிலிருந்து, தலைகீழாக, இன்னொரு கணக்கு.
பழைய நோட்டுகளில் கிழித்து ஒட்டிய தாள்கள்,
பதினோரு வருஷத்தவை.
தலைப்பு: முர்மான்.

சிகரெட் ஒன்று. சிகரெட் ஒன்று.
பீர் இரண்டு, அண்ணனோடு.
சதுரங்கத்தில் தோற்று பிராந்தி.
'பணம் வாங்கிவிட்டேன்' என்று பொய் சொன்ன மாவு, ஐந்து கிலோ.
சிகரெட்.
மாதுளை இரண்டு, ஜாபா பிறந்த அன்று ஆஸ்பத்திரிக்கு.
பக்கத்தில் சிறிய எழுத்தில்:
எனக்கு. இதைக் கழித்துக்கொள்.

மொத்தம் ஆறாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு லரி.

அப்பா நின்றபடியே வாசித்தார்.
சிரிப்பார் என்று பார்த்தேன்.
வெளியே போய்ப் பனியைத் தள்ளினார்,
ஏற்கெனவே தள்ளியிருந்த இடத்தில்.

அன்று இரவு போனில் அம்மா
வெங்காயம் என்ன விலை என்று கேட்டாள்.
அப்பா வெங்காய விலை சொன்னார்.
நோட்டரிக்கு முதுகுப் புண் ஆறிவிட்டதாம்.
வேறெதுவும் பேசவில்லை.

மறுநாள் முதல்
பெட்டி எடுத்தால் கல்லாவில் காசு விழுகிறது.
அதற்கு மேல் இரண்டு லரி, பழைய பாக்கிக்கு.
வரவு என்று எழுதித் தேதி போடுகிறார்.
நாக்கைக் கடித்துக்கொண்டு, பள்ளிப் பையன் மாதிரி.
கணக்குப் போட்டுப் பார்த்தேன்,
தீரும்போது எனக்கு இருபத்து நான்கு வயது.

மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை
என் தோளுக்குப் பின்னால் விரிந்து கிடந்த பக்கத்தை
அம்மா திரையில் பார்த்துவிட்டாள்.
கிட்டே கொண்டு வா என்றாள்.
இன்னும் கிட்டே.
நான் போனைத் தாழ்த்திப் பிடித்தேன்.
அந்தப் பக்கம் குழாய் சொட்டுவது கேட்டது.
"யார் எழுதியது இது?
ஏழுக்கு நடுவில் ஒரு கோடு போடச் சொல்.
ஒன்று என்று சாதித்துவிடுவார்கள்."

கடை சாத்திய பிறகு
அப்பா பென்சில் சீவிக்கொண்டு உட்கார்ந்தார்.
எல்லோர் பக்கத்திலும் ஏழுகள் இருந்தன.
அவர் பக்கத்தில்தான் அதிகம்.