மாற்று உரை

நாற்பத்திரண்டு பக்கம்.
வாட்ஸ்அப்பில் வந்த பாடத்தொகுப்பு.
ஸ்மார்ட் போர்டில் போட்டால் பளபளக்கிறது.
எப்சிபாவின் மடிக்கணினி அதைத் திறந்து
கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னது:
"ஆவணம் காலி."

யாரோ புத்தகத்தைக் கவிழ்த்து ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள்.
பதினோராம் பக்க ஓரத்தில் அவர்கள் கட்டைவிரல்.
உள்ளே எழுத்தே இல்லை,
எழுத்தின் புகைப்படம்.

"காலியா கீது மிஸ்" என்றாள்,
டிபன் பாக்ஸைப் பற்றிச் சொல்வதுபோல.

அன்றிரவு தட்டச்சுக்கு உட்கார்ந்தேன்.
விருதம்பட்டில் கரண்ட் இரண்டு தரம் போய் வந்தது.
பத்திகள் சுலபம்.
தலைப்பைத் தலைப்பென்று குறிக்க வேண்டும்,
தடியாக்கிவிட்டால் அவளுக்கு அது தலைப்பாகாது
என்பது மட்டும் புதிது.

படங்களில்தான் மாட்டிக்கொண்டேன்.
முதலாவதற்கு "அழகிய படம்" என்று எழுதி
வெட்கப்பட்டு அழித்தேன்.
அடுத்ததற்கு "இலை."
என்ன இலை?
பதினாறு வருடமாக இதே இலையைக் காட்டித்தான்
ஒளிச்சேர்க்கை நடத்துகிறேன்.
அதன் விளிம்பு ரம்பப் பல்லாக இருப்பதை
இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

சமூக அறிவியல் என்னுடையதில்லை.
பாஸ்கரதாஸ் சார் பயிற்சிக்குப் போய்விட்டதால்
அதுவும் என் தலையில்.
படம் 5.4, பாலாறு.
"மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் நீலக் கோடு.
வேலூரைத் தொட்டுக் கடலுக்குப் போகிறது"
என்று எழுதிவிட்டுத் தூங்கினேன்.

மறுநாள் வகுப்பில்
ஒரு காதில் இயந்திரம், மறு காதில் நாங்கள்.
கேட்டுக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள்.

"நீலம்னா தண்ணி கீதா மிஸ்?"

வரைபடத்தில் ஆறென்றால் நீலம்தான் என்றேன்.

"தெனம் பாலத்து மேல வரேன் மிஸ்.
பஸ்சு முப்பத்தொரு தடவ தடக்குங்கும்.
கீழ லாரி ரிவர்ஸ் எடுக்கிற பாட்டு கேக்கும்,
குப்ப எரியிற வாட வரும்.
தண்ணி ஒரு நாள்தான் கேட்டுச்சு,
போன கார்த்திகைல."

போர்டில் பெரிதாக, பளபளவென்று
நீலக் கோடு நின்றிருந்தது.
பார்வையுள்ள நாற்பத்தாறு பேரும் அதைப் பார்த்தார்கள்.
பிறகு என்னைப் பார்த்தார்கள்.

மாற்றி எழுதினேன்:
"வரைபடத்தில் நீலக் கோடு. நல்ல மழை பெய்த வருடம் வெள்ளம்.
மற்றபடி மணல், வேலிக்காத்தான், லாரித் தடம்,
நடுவில் ஒரு"
அவ்வளவுதான்,
பெட்டியில் இடம் முடிந்தது.

"ஒரு பிள்ளைக்காகவா இத்தனை?"
தலைமையாசிரியை கோபமாகக் கேட்கவில்லை,
கணக்காகக் கேட்டார்.
ஒரு பிள்ளைக்காகத்தான் என்றேன்.
அது பொய்யாகிப்போனது.
தொடுதிரை நொறுங்கிய போனில்
பஞ்சர் கடையில் டியூப் தேய்த்துக்கொண்டே
ஜாஃபருல்லா அந்தப் பாடத்தைக் கேட்கிறானாம்.
எழுத்துக் கூட்டிப் படிக்கவே வியர்க்கும் நிரோஷினி
இயந்திரத்தோடு சேர்ந்து முணுமுணுக்கிறாள்.

காலாண்டுத் தேர்வு வந்தது.
அவளுக்கு எழுதித்தர ஏழாம் வகுப்புப் பையன்.
நான் மேற்பார்வை, வாய் திறக்கக் கூடாது.

முப்பத்தெட்டாம் கேள்வி:
படத்தைப் பார்த்து விடையளி.

"அக்கா, இங்க ஒரு படம் கீது."
"இன்னா படம்?"
திருப்பிப் பார்த்தான், கிட்டே வைத்துப் பார்த்தான்.
"ஏதோ படம்க்கா."

ஐந்து மதிப்பெண்.