குறில்

ஈசூனில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளம்.
அஞ்சல் பெட்டிகளுக்கு அடியில் ஒரு குப்பைத்தொட்டி.
அதற்குள் தலையை விட்டு வாரினேன்:
கொண்டோ விளம்பரங்கள், துணைப்பாடம், பியானோ,
ஏர்கான் கழுவ முப்பது வெள்ளி,
நகர மன்றத்தின் கொசு எச்சரிக்கை.
எனக்கு நீலம் வேண்டியிருந்தது.
கொண்டோக்காரர்கள் நீலத்தில் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை.

லாரி, செவ்வாய்க்கிழமைத் தாளில் கிடைத்தது.
விபத்துச் செய்தியின் ஓரம், தீப்பெட்டி அளவு.
கீழே பொடி எழுத்தில்: கோப்புப் படம்.
அப்படியென்றால்
இறந்தவர்கள் இவர்களில்லை,
வேறு யாரோ
வேறொரு காலையில்
அதே மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

பிராஸ் பாசாவில் பெரிதாக்கக் கொடுத்தேன்.
"புள்ளி புள்ளியா வரும், அக்கா."
வரட்டும்.

பதினோரு நீச்சல் குளங்களைச் சேர்த்து ஒரே குளம்.
அதன் விளிம்பில் லாரியைப் பின்புறமாக நிறுத்தினேன்.
பின்பலகையைத் தாண்டித் தொங்கிய கால்களை
ஒவ்வொன்றாக, நகவெட்டிக் கத்தரியால்,
தண்ணீருக்குள் இறக்கினேன்.
எழுத்து ஒன்றுகூட இல்லை.
மின்தூக்கிக்கு எதிர்த் தூணில்
விடிகாலை நாலு மணிக்கு ஒட்டிவிட்டு
வேலைக்குப் போனேன்.

மூன்று நாள் இருந்தது.
எட்டாம் மாடி மேடம் லிம் தினமும் நின்று
கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தாராம்.

நான்காம் நாள் அழைத்தார்கள்.
தமிழில்தான் சொல்வேன் என்றேன்.
மொழிபெயர்ப்பாளர் வர இரண்டு மணி நேரம்,
ஆறிப்போன கோப்பி-ஓ.
என்ன செய்தீர்கள்?
ஒட்டு வேலை, என்றேன்.
அவர் என்ன கேட்டாரோ, என்ன சொன்னாரோ,
அதிகாரியின் பேனா சட்டென்று நின்றது.
ஓட்டா?
யாருடைய ஓட்டு? எந்தத் தொகுதி?
குறில் ஐயா, என்றேன். குறில்.

பிறகு ஒவ்வொரு துண்டாகக் கேட்டார்.
இந்த நீலம்? அனுமதி பெற்று அச்சடித்தது.
இந்த லாரி? நாளிதழில் வந்தது.
ஆட்கள்? அவர்களும்தான்,
வேலை அனுமதிச் சீட்டோடு வந்தவர்கள்.
அப்படியானால் உங்களுடையது எது?
பசை, என்றேன்.
அதை எழுதிக்கொள்ளவில்லை.

கத்தரியைச் சான்றாக வைத்துக்கொண்டார்கள்.
எச்சரிக்கைக் கடிதத்தில்
என் பெயரைப் பிழையில்லாமல் எழுதியிருந்தார்கள்:
அமிர்தகௌரி.

தூணைச் சுரண்டியவர் துப்புரவாளர் ரஃபிகுல்.
நீலம் போயிற்று, லாரி போயிற்று.
மூன்று ஜோடிக் கால்கள் மட்டும்
இன்னும் அங்கே,
சுண்ணாம்பில் நனைந்துகொண்டிருக்கின்றன.
கைக்கு எட்டாத உயரமில்லை.
நான் அவரிடம் கேட்கவில்லை.
காலையில் எதிர்ப்பட்டால்
அவர் வாளியைக் கொஞ்சம் நகர்த்தி
வழிவிடுகிறார்.