கடைசி வண்டி

மார்பில் 417.
நாலு ஊக்கில் ஒன்று கழன்று
எண் படபடக்கிறது.

கேப்பர் மலைச் சிறை மதிலை ஒட்டி வரும்போது
கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது,
எழுநூறு ரூபாய் கட்டி
ஞாயிற்றுக்கிழமையில் ஓடுவது.

முந்திரித் தோப்பு. செம்மண். ஷூவுக்குள் ஒரு கல்.
எடுக்கக் குனிந்தால்
நிமிரமாட்டேன் என்று
நாலு கிலோமீட்டராய்ச் சுமக்கிறேன்.
இடது முட்டி தன்பாட்டுக்கு ஏதோ பேசிக்கொண்டு வருகிறது.

பின்னால் ஆம்புலன்ஸ், முதல் கியரில்.
"ஏறிக்கிறீங்களா சார்?"
மூன்றாவது முறை.
டிரைவர் பெயர் தணிகாசலம்,
ஊர் நெல்லிக்குப்பம், மூத்தவள் பத்தாவது.
இவ்வளவும் கேட்டுக்கொள்ளும் வேகம் என்னுடையது.

முடிவுக்கோட்டில்
காற்றடைத்த வளைவை இறக்கிவிட்டார்கள்.
தரையில் கிடந்த அதன் மடிப்பைத் தாண்டினேன்.
வாழைப்பழமும் தீர்ந்திருந்தது.

தணிகாசலம் சைரனை ஒருமுறை தட்டினார்,
சின்னதாக.