பொக்கைவாய் நீலம்

ருஸ்தாவி கார்ச் சந்தையில் என் வேலை
கழுவுவது, துடைப்பது,
எந்தப் பக்கம் தெரிய நிறுத்தட்டும் என்று
ஜும்பேரிடம் கேட்பது.

இந்த நீலத்தை
பின்பக்கம் தெரியத்தான் நிறுத்தச் சொன்னான்.

ப்ரேமனில் கப்பலேறி போத்தியில் இறங்கிய வண்டி.
நடுவில் எங்கோ
முன் பம்பரை யாரோ கழற்றிக்கொண்டார்கள்.
சாவிக்கொத்தில் மட்டும் ஒரு துணி முயல்
காது கறுத்துத் தொங்கியது.

பின்புறம் என்றால் பின்புறம்.
தண்ணீரில் இறங்கத் தயங்கும் வாத்து.
கண்ணாடிக்கு மேல் தொப்பி விளிம்புபோல் ஒரு ஸ்பாய்லர்;
ஆயிரத்து இருநூறு சிசி எஞ்சினுக்கு
அது எதற்கு?
இருந்தாலும் வைத்திருக்கிறது,
குள்ளமானவர்கள் நெஞ்சு நிமிர்த்தி நடப்பதுபோல.

பக்கவாட்டில் ஒரு மடிப்பு உண்டு.
முன்விளக்கில் கிளம்பி
இரண்டு கதவுகளையும் ஒரே மூச்சில் கடந்து
பின்விளக்குக்கு ஒரு சாண் இருக்கும்போது
சொல்லவந்ததை மறந்தவர் மாதிரி
தகட்டுக்குள் கரைந்துவிடும்.
கண்ணுக்கு முன்னால் என் துணிக்குத் தெரிந்தது அது.
தினமும் அந்த இடத்தில்
கை கொஞ்சம் மெதுவாகும்.

பிப்ரவரிச் சேற்றில் கதூனா வந்தாள்.
க்ல்தானியில் பல்செட் செய்கிறவளாம்.
வெள்ளைக் கோட்டுக்கு மேல் ஆண்பிள்ளை ஜாக்கெட்,
நகக்கண்ணில் பிளாஸ்டர் தூள்.
வாத்தைப் பார்த்தாள், சிரித்தாள்.
ஜும்பேர் பெட்ரோல் கணக்கு சொன்னான்,
ஏசி சொன்னான், ஜெர்மன் கிழவி ஒருத்தி
ஞாயிறுதோறும் மட்டும் ஓட்டியது என்றான்
(எல்லா வண்டிக்கும் அதே கிழவி).
அவள் கேட்டபடியே
முன்பக்கம் போய்விட்டாள்.

ரேடியேட்டர், நசுங்கிய இரும்புச் சட்டம்,
இரண்டு ஹாரன், தொங்கும் ஒரு ரப்பர் குழாய்.
குளியலறைக் கதவு தானாகத் திறந்துகொண்டாற்போல்
எனக்குத்தான் வெட்கமாயிற்று.

குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.
விளக்குக்குக் கீழே தகடு உருண்டு வரும் இடத்தில்
கட்டைவிரலை வைத்து அழுத்தினாள்,
வாயைத் திற என்று சொல்லப்போகிறவள் மாதிரி.

"முகம் பல்லில் இல்லை, கன்னத்தில் இருக்கிறது.
நாள் முழுக்க அதைத்தானே பார்க்கிறேன்.
பல் போய்க் கன்னமும் குழிந்தால்தான் ஆள் போச்சு.
இதற்குக் குழியவில்லை."

ஜும்பேர் முகம் மலர்வதற்குள்
"வாய்க்கு எண்ணூறு லாரி குறை" என்றாள்.

எண்ணூறா!
அவன் தாயின் மேல் ஆணையிட்டான், மழையைத் திட்டினான்,
என்னைத் திட்டினான்.
அறுநூற்றைம்பதில் முடிந்தது.
முயலையும் எடுத்துக்கொண்டாள்.

மே மாதம், திதுபேயில்
மார்ஷ்ருத்காவிலிருந்து இறங்கும்போது கண்டேன்.
இரண்டு ஜீப்புகளுக்கு நடுவே,
வண்டி நுழையும் என்று யாரும் நம்பாத சந்தில்,
ஒரு சக்கரத்தை நடைபாதையில் தூக்கி வைத்தபடி
அதே நீலம்.
முன்னால் புது பம்பர்.
மஞ்சள்!
எந்த வண்டி கழற்றிப்போட்ட மஞ்சளோ.

பெயின்ட் அடிக்கச் சோம்பல் என்று சொல்லிவிட முடியாது.
மூலைகளில் நகம் நுழைய இடமில்லை,
அப்படி உட்கார்ந்திருந்தது.
தங்கப்பல் வேண்டும் என்று தானே கேட்டுக் கட்டிக்கொண்டு
தெருவில் போகிறவர் வருகிறவர் எல்லோருக்கும்
அதைக் காட்டிக்கொண்டிருந்தது.
ரொட்டிக்கடைப் பெண் பார்த்துச் சிரித்தாள்.
ஒரு போலீஸ்காரன் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டான்.

என் கை சும்மா இருக்காதே.
பையிலிருந்த துணியை எடுத்து
இடது விளக்கின் மேல் புறா எச்சத்தைத் துடைத்தேன்.
அதற்குள் ஒருவன் வந்து நின்று,
"விலைக்கா?" என்றான்.

என்னுடையது இல்லை என்று சொல்லியிருக்கலாம்.
பழக்கதோஷம்,
"பின்பக்கம் போய்ப் பாருங்கள்" என்றேன்.

அவன் போகவில்லை.
முன்னாலேயே நின்றான்.