ஒற்றையா இரட்டையா

திபிலீசியில், மூச்சு வாங்க மலையேறும் எங்கள் தெருவில்
பிப்ரவரி முதல் வாரம் இரண்டு பலகைகள் முளைத்தன.
இந்தப் பக்கம் ஒரு கோடு.
அந்தப் பக்கம் இரண்டு கோடு.

ஒற்றைக் கோடென்றால் ஒற்றைத் தேதியில் நிறுத்தலாமா,
நிறுத்தக் கூடாதா?
மூன்று நாள் தெருவே வாய்ச்சண்டை போட்டது.
நான்காம் நாள் பதினோரு கார்களில்
கண்ணாடித் துடைப்பானுக்கு அடியில் மஞ்சள் தாள்.
கூடாது என்று புரிந்தது.

அன்றிலிருந்து ராத்திரி ஒன்பதுக்குள்
மறுநாள் தேதியைப் பார்த்து
தெரு முழுக்கப் பக்கம் மாறும்.
மூடிய கைக்குள் புளியங்கொட்டையை வைத்துக்கொண்டு
ஒற்றையா இரட்டையா கேட்கிறது நகராட்சி.
தோற்றால் ஐம்பது லாரி அபராதம்.

லம்சீராவின் ஷிகுலிக்கு இஞ்சின் இல்லை.
போலந்துக்கு லாரி ஓட்டப் போன தம்பி
அதை மட்டும் கழற்றி விற்றுவிட்டுப் போனான்.
மூன்று குடும்பம் ஒரே சமையலறையில் புழங்கும் வீட்டில்
கதவைச் சாத்திக்கொள்ள அவளுக்கென்று இருப்பது
அந்தக் கார் ஒன்றுதான்.
சாயங்காலம் அதற்குள் உட்கார்ந்து புகைப்பாள், போன் பேசுவாள்,
சில நாள் சும்மா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி
எதிர்ச்சுவரைப் பார்த்திருப்பாள்.
அவள் யாரையும் உதவி கேட்கவில்லை.
முதல் நாள் இறங்கித் தனியாகத் தள்ளினாள்.
கார் நகரவில்லை, அவள் காலணிதான் வழுக்கியது.

நுக்சார் வந்தான், பழைய மல்யுத்தக்காரன்.
மருந்துக்கடை ஹஸ்மிக் வந்தாள், வெள்ளைக் கோட்டோடு.
கடைசியாகத் தெங்கிஸ்.
தெங்கிஸும் நுக்சாரும் பேசி ஆறு வருஷம்.
காரணம் ஒரு நாற்காலி:
கார் நிறுத்த இடம் பிடிக்க ஒருவன் போட்டதை
மற்றவன் தூக்கி ஓரமாக வைத்தான், அவ்வளவுதான்.
இப்போது ஒரே டிக்கியின் மேல் நான்கு உள்ளங்கைகள்.
சேர்ந்து தள்ள எண்ணித்தானே ஆக வேண்டும்?
"எர்தி," என்றான் ஒருவன்.
"ஓரி," என்றான் மற்றவன்.
ஒன்று, இரண்டு.
ஆறு வருஷத்துக்குப் பிறகு பேசிக்கொண்டது அதைத்தான்.

எனக்குக் குடலிறக்கம். தள்ளக் கூடாது.
என் வேலை செங்கல்.
சரிவான தெரு அல்லவா,
பாதி தள்ளல், பாதி தாங்கல்.
கார் நிற்கும் நொடியில்
பின்சக்கரத்துக்கு அடியில் சொருக வேண்டும்.
அரை நொடி பிசகினால் ஷிகுலி
கீழே ரொட்டிக்கடைக்குள் புகுந்துவிடும்.
சிரிக்காதீர்கள்,
இது பொறுப்பான வேலை.

இப்படியே ஓடியது பிப்ரவரி, மார்ச்.
பனி கரைந்தது.
தபால்காரனுக்குக்கூடத் தேதி தவறும்,
எங்களுக்குத் தவறாது.
யாராவது ஒருவர் ஒன்பதுக்குக் கால்மணி முன்னால்
ஜன்னலைத் திறந்து தொண்டையைச் செருமினால் போதும்.

மார்ச் முப்பத்தொன்று.
வழக்கம்போல் இறங்கி வந்தோம்.
லம்சீரா உள்ளே போனில் இருந்தாள்.
நுக்சார் கையைத் தேய்த்துக்கொண்டான்.
ஹஸ்மிக்தான் விரல் மடக்கினாள்:
"இன்றைக்கு ஒற்றை. நாளைக்கு ஒன்றாம் தேதி.
அதுவும் ஒற்றை."

யாரும் எதுவும் சொல்லவில்லை.
அபராதம் எழுதும் பையன் லாஷா
புத்தகத்தோடு மேலேறி வந்தான்,
வேலை இல்லாமல் காருக்குப் பின்னால் நிற்கும் எங்களைப் பார்த்தான்,
பலகையைப் பார்த்தான்,
ஏதாவது சட்டம் மீறப்படுகிறதா என்று யோசித்து
போய்விட்டான்.

போயிருக்கலாம் நாங்களும்.
வீட்டில் சூப் ஆறிக்கொண்டிருந்தது.
என் கைதான், பழக்கதோஷம்,
குனிந்து செங்கலை உருவிவிட்டது.

கார் ஒரு பெருமூச்சு விட்டுப்
பின்னால் சாய்ந்தது.
ஆறு கைகள் ஒரே சமயம்.
எர்தி இல்லை, ஓரி இல்லை.
அரை விரற்கடை வந்து
அங்கேயே நின்றது, எங்கள் மேல்.

உள்ளே லம்சீரா கண்ணாடியில் பார்த்தாள்.
பிறகு போனில் சொன்னாள்:
"ஒன்றுமில்லை.
தெருக்காரர்கள்."